எங்கேருந்துல அளந்த? சிஎன்சி மிஷினும் அதன் பூஜ்ஜியமும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2020, லாக்டவுன் சமயம். சென்னையில ரூமைக் காலி பண்ணிட்டு களக்காட்டுக்கு வந்துட்டேன். அப்பாவோட மரப்பட்டறை வீட்டுக்குப் பின்னாடியே. அதுல ஒரு மூலையில, ஆன்லைன்ல வாங்குன ஒரு சின்ன சிஎன்சி மிஷின். 3018னு சொல்வாங்க. 30 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம் வரைக்கும் செதுக்கும்னு பேர்லயே எழுதியிருக்கு.

ஆச்சியோட பழைய வீட்டை இடிச்சப்போ கதவுல இருந்து ஒரே ஒரு தேக்குப் பலகை மிஞ்சுச்சு. அதுல ஆச்சிக்கு ஒரு பல்லாங்குழி செஞ்சு கொடுக்கணும்னு ஆசை. ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன், பலகையை இறுக்கினேன், ஸ்டார்ட் அழுத்தினேன். முதல் ஆறு குழி அழகா வந்துச்சு. ஏழாவது குழியில பாதி போகும்போது 'டர்ர்ர்ர்'. பல்லு உடையுற மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிப்போய் நிறுத்துறதுக்குள்ள சத்தம் நின்னுடுச்சு. மிஷின் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுத்த வரிசைக்குப் போயிடுச்சு. சரி, ஏதோ சிக்கியிருக்கும், சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

முடிஞ்சதும் பார்த்தா, ஏழாவது குழி முட்டை மாதிரி இடப்பக்கம் நீண்டு, ஆறாவது குழியோட சுவரை உடைச்சிருக்கு. ரெண்டாவது வரிசை மொத்தமும் இடப்பக்கமா 14 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு. ஓரத்துக் குழிக்கும் பலகை விளிம்புக்கும் நடுவுல இருக்கறது ரெண்டே மில்லிமீட்டர்.

அப்பா வந்து பலகையைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டலை. ஒரே ஒரு கேள்விதான்.

"ஏலே, எங்கேருந்துல அளந்த?"

"மிஷின்தாம்ப்பா அளக்கும்."

"மிஷினு அளக்கறது இருக்கட்டும். அது எங்கேருந்து அளக்கு?"

என்கிட்ட பதில் இல்லை. இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

எண்ணத் தெரியும், பார்க்கத் தெரியாது

முதல்ல அந்தச் சத்தம் என்னன்னு புரிஞ்சுக்கணும். என் மாதிரி சின்ன மிஷின்கள்ல ஓடறது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றை 200 படிகளா பிரிச்சு நகரும். அதை ஓட்டற டிரைவர் சில்லு ஒவ்வொரு படியையும் 16 துண்டா உடைக்கும். ஆக ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்பு. என் மிஷினோட திருகு ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்தும். 3,200ஐ 4ஆல் வகுத்தா, ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்பு.

கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். 800 துடிப்பு அனுப்பினேன், அதனால ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். 'நகர்ந்திருக்கும்'ங்கறதை கவனிங்க. நகர்ந்துச்சான்னு பார்க்க அதுக்குக் கண் கிடையாது. கண்ணைக் கட்டிக்கிட்டு அடி எண்ணி நடக்கற ஆள் மாதிரி. சுவர்ல முட்டி நின்ன இடத்துலயே கால் வீசிக்கிட்டிருந்தாலும், அவன் கணக்குல நடந்துக்கிட்டே இருக்கான்.

என் பலகையோட இடது மூலை, மிஷினோட இடது கோடியில இருந்து 37 மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு. ஏழாவது குழியோட வலது ஓரத்தை வெட்ட, உளிமுனை பலகை மூலையில இருந்து 261 மில்லிமீட்டர் போகணும். 37ம் 261ம் சேர்ந்தா 298. 300 இருக்கே, தாராளம்னு நினைச்சேன். பிறகு ஸ்கேல் வச்சு அளந்தப்பதான் தெரிஞ்சுது, என் மிஷின்ல வண்டி உண்மையில ஓடற தூரம் 284. மிச்சம் 14 மில்லிமீட்டருக்கு அது சட்டத்துல முட்டிக்கிட்டு நின்னிருக்கு. 14 பெருக்கல் 800. மொத்தம் 11,200 துடிப்பு காத்துல போயிருக்கு. அந்த 'டர்ர்ர்'தான் அந்த 11,200. அதுக்கப்புறம் மிஷின் சொன்ன ஒவ்வொரு இடமும் 14 மில்லிமீட்டர் பொய்.

எண்களைக் கத்தின மனுஷன்

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1940களோட கடைசி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், டிராவர்ஸ் சிட்டி. ஜான் பார்சன்ஸ் என்பவரின் தொழிற்சாலை ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்தது. இறக்கையின் வளைவைச் சரியாகச் சோதிக்க அச்சுத் தகடுகள் வேண்டும். பார்சன்ஸும் அவருடைய பொறியாளர் ஃப்ராங்க் ஸ்டூலனும், அந்த வளைவின் மேல் வரும் புள்ளிகளை ஐபிஎம் துளை அட்டை இயந்திரத்தில் கணக்கிட்டார்கள். பிறகு மில்லிங் மிஷினுக்கு முன்னால் ஒருவர் நின்று எண்களைச் சத்தமாக வாசிப்பார். எக்ஸ் கைப்பிடியில் ஒருவர், ஒய் கைப்பிடியில் ஒருவர், வாசிக்கிற எண்ணுக்குத் திருப்புவார்கள். அந்தப் புள்ளியில் ஒரு வெட்டு. அடுத்த எண். சிஎன்சிங்கற விஷயத்தோட முதல் வடிவம் மூணு மனுஷங்க.

பார்சன்ஸ் யோசித்தது, எண்களை வாசிக்கிற வேலையை அட்டையும், கைப்பிடி திருப்புகிற வேலையை மோட்டாரும் செய்தால் என்ன என்று. 1949ல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. வேலை எம்ஐடியின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்துக்குப் போனது. 1952 செப்டம்பரில் அவர்கள் ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் மிஷினை, துளையிட்ட நாடாவால் ஓட்டிக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்கள். மிஷினைவிட அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் அதிக இடத்தை அடைத்தது.

அந்த மிஷின்ல முக்கியமான ஒரு விஷயம் இருந்துச்சு. ஆய்வகத்தோட பேர்லயே இருக்கே, சர்வோ. மேசை எவ்வளவு நகர்ந்ததுன்னு அளந்து, அதைக் கட்டுப்பாட்டுக்குத் திருப்பிச் சொல்லும் அமைப்பு. கேட்டதுக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் இருந்தா உடனே திருத்தும். அதாவது 1952ல செஞ்ச மிஷினுக்குக் கண் இருந்துச்சு. 2020ல நான் வாங்குனதுக்கு இல்ல. விலை குறைஞ்சதுக்கு நாம கொடுத்த பல விலைகள்ல அதுவும் ஒண்ணு.

ஆனா கண் இருந்தாலும் ஒரு பிரச்சினை தீராது. பல அளவுக் கருவிகள் எவ்வளவு நகர்ந்தோம்னுதான் சொல்லும், எங்கே இருக்கோம்னு சொல்லாது. கரண்ட் போய் வந்தா, கணக்கு மறந்துடும். அதனாலதான் கோயம்புத்தூர்லயோ ஓசூர்லயோ பல பட்டறைகள்ல, லட்சக்கணக்குல விலை போட்ட மிஷினை ஆன் பண்ணதும் முதல் வேலையா 'ரெஃபரன்ஸ்' எடுக்கச் சொல்வாங்க. ஒவ்வொரு அச்சும் அதோட கோடிக்குப் போய், அங்க இருக்கற ஒரு ஸ்விட்சைத் தொட்டுட்டு வரும். அந்தப் புள்ளிதான் பூஜ்ஜியம். இதுக்குத்தான் ஹோமிங்னு பேர். வீடு திரும்பறது.

ஒரு சின்ன ஸ்விட்ச்

அந்த ஸ்விட்சுக்கும் ஒரு கதை இருக்கு. 1932ல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில், பர்ஜஸ் பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்த பீட்டர் மெக்கால் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். உள்ளே வளைந்து இறுகிய ஒரு உலோகப் பட்டை. மேலே இருக்கிற பொத்தானை எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும், ஒரு குறிப்பிட்ட இடம் வரும்போது பட்டை 'டிக்' என்று மறுபக்கம் புரண்டுவிடும். பாதி ஆன், பாதி ஆஃப் என்ற நிலையே கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், ஆயிரம் தடவை அழுத்தினாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் புரளும். மைக்ரோ ஸ்விட்ச் என்று பேர் வந்தது. உங்க கம்ப்யூட்டர் மவுஸ்ல 'டிக்'னு கேக்கற சத்தமும் இதோட வாரிசுதான்.

ஹோமிங்கோட மொத்த நம்பிக்கையும் இந்த 'அதே இடத்தில்' மேலதான் நிக்குது. ஸ்விட்ச் எந்த இடத்துல இருக்குங்கறது அவ்வளவு முக்கியம் இல்ல. தினமும் அதே இடத்துல இருக்கணும். அதுதான் முக்கியம்.

பாளையங்கோட்டையில் ஒரு சங்கிலி

இந்தப் பிரச்சினையை எங்க பக்கத்துல ஒருத்தர் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே சந்திச்சிருக்கார். மிஷின் இல்லாம. களக்காட்டுல இருந்து வடக்கே பஸ் ஏறினா வர்ற பாளையங்கோட்டைக்குப் பக்கத்துல.

வில்லியம் லாம்டன், ஆங்கிலேயப் படை அதிகாரி. இந்தியாவை முக்கோணங்களாக அளக்கிற வேலையை 1802ல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஆரம்பித்தார். முறை எளிது. ஒரே ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு மிகத் துல்லியமாக அளப்பது. அதுதான் அடிக்கோடு. அதன் இரண்டு முனைகளிலிருந்து தூரத்தில் தெரிகிற ஒரு மலையையோ கோபுரத்தையோ தியோடலைட்டால் பார்த்து, கோணத்தைக் குறித்தால் போதும், மிச்சத்தைக் கணக்கு சொல்லிவிடும். அந்த முக்கோணத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. சங்கிலி எஃகால் ஆனது, 100 அடி நீளம். பரங்கிமலை அடிக்கோடு ஏழரை மைல். அதாவது சங்கிலியைச் சுமார் 400 தடவை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். வெயிலில் எஃகு நீளும் என்பதால் நிழல் போட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்து அளந்தார்கள்.

இதுல என் மிஷினோட அதே வியாதி இருக்கு. முதல் முக்கோணத்துல வர்ற சின்னப் பிசகு ரெண்டாவதுக்குப் போகும், ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு. கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும், அது தன்னையே நம்பிப் போய்க்கிட்டே இருக்கும். லாம்டன் கண்ட வழி, நூற்றுக்கணக்கான மைல் போனதும் ஒரு இடத்தில் நிறுத்தி, சங்கிலியை மறுபடி தரையில் போட்டுப் புதிதாக ஒரு அடிக்கோட்டை அளப்பது. முக்கோணக் கணக்கு இந்தக் கோட்டுக்குச் சொல்கிற நீளமும், சங்கிலி சொல்கிற நீளமும் ஒத்துப்போனால் வழி சரி. பெங்களூர் பக்கம் 1804ல் அப்படிச் சரிபார்த்தபோது, மைல் கணக்கில் நீண்ட கோட்டில் சில அங்குல வித்தியாசம்தான் வந்தது.

1808ல் தஞ்சாவூர். சுற்றுவட்டாரத்தில் பெரிய கோயில் விமானத்தைவிட உயரமான இடம் இல்லை. அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். பக்கவாட்டில் பிடித்திருந்த கயிறு அறுந்து, கருவி சுவரில் போய் மோதியது. கோணம் காட்டுகிற பெரிய வளையம் நெளிந்துவிட்டது. லாம்டன் அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார் என்பது வரலாறு.

அதுக்கப்புறம் தெற்கே வந்தார். மோதி நெளிஞ்ச கருவி. நிமிர்த்தியாச்சு, ஆனா நம்பலாமா? 1809ல பாளையங்கோட்டை பக்கத்துல மறுபடி ஒரு அடிக்கோடு. மறுபடி சங்கிலி, மறுபடி தரை. அங்கிருந்து கன்னியாகுமரிப் பக்கம் முக்கோணங்கள் இறங்கி முடிந்தன. நான் ஏழாவது குழியில அந்தச் சத்தம் கேட்டதும் செஞ்சிருக்க வேண்டியது அதுதான். நிறுத்து, போய்த் தொடு, ஒத்துப்போகுதான்னு பாரு. நான் செஞ்சது, சத்தம் நின்னதும் நிம்மதியானது.

லாம்டன் இன்னொண்ணும் செஞ்சார். அவர்கிட்ட ரெண்டு சங்கிலி இருந்துச்சு. ஒண்ணு தரையில உழைக்கிறதுக்கு. இன்னொண்ணை அளக்க எடுக்கவே மாட்டார். உழைக்கிற சங்கிலி நீண்டுடுச்சான்னு ஒப்பிட மட்டும் அது. இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த புத்தி இல்ல. ராஜராஜன் காலத்துல, கி.பி. 1000ஐ ஒட்டி, சோழநாட்டு நிலத்தை 16 சாண் நீளக் கோலால அளந்தாங்க. உலகளந்த கோல்னு பேர். நம்ம கோயில் சுவர்கள்ல நில அளவுகோலோட நீளத்தை ரெண்டு குறிக்கு நடுவுல வெட்டி வச்சிருக்கறதை இன்னைக்கும் பார்க்கலாம். வயல்ல தேயற கோல் ஒண்ணு, கல்லுல நகராத கோல் ஒண்ணு. சந்தேகம் வந்தா கோயிலுக்குப் போய் வச்சுப் பார்த்துக்கலாம். அந்தக் கல்தான் ஊரோட ஹோம் ஸ்விட்ச்.

அறையிலிருந்து மேசைக்கு

திரும்ப மிஷினுக்கு வருவோம். எம்ஐடிக்குப் பிறகு மிஷின்களுக்கு ஒரு பொது மொழி தேவைப்பட்டது. 1960களில் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் அதை வகுத்தது. 1980ல் ஆர்எஸ்-274-டி என்று அது நிலைபெற்றது. நாம ஜி-கோடுன்னு சொல்றது அதைத்தான். அதுல ஜி28னு ஒரு கட்டளை. பெரிய மிஷின்கள்ல அதுக்கு அர்த்தம், ரெஃபரன்ஸ் புள்ளிக்குத் திரும்பு.

1990களில் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், சாதாரணக் கம்ப்யூட்டரில் மிஷினை ஓட்டும் மென்பொருளை உருவாக்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. லினக்ஸ்சிஎன்சி அதிலிருந்து வளர்ந்ததுதான். 2005ல் இத்தாலியில் ஆர்டுயினோ பிறந்தது. 2009ல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட், ஜி-கோடு படிக்கிற நிரலை அந்தச் சின்னப் பலகைக்குள் அடக்கினார். ஜிஆர்பிஎல் என்று பேர், கெர்பில் என்று வாசிப்பார்கள். பிறகு சன்னி ஜியோன் அதைப் பல வருடம் எடுத்து வளர்த்தார். மொத்த நிரலும் 32 கிலோபைட்டுக்குள். நீங்க வாட்ஸ்அப்ல அனுப்பற ஒரு குட் மார்னிங் படமே அதைவிடப் பெருசு. எம்ஐடியில ஒரு அறையை அடைச்ச பெட்டி செஞ்ச வேலையை இன்னைக்கு இது செய்யுது. என் 3018க்குள்ள இருக்கறதும் இதுதான்.

இந்த நிரல்ல ஹோமிங் இருக்கு, எல்லைக் காவல் இருக்கு. ஆனா வாங்கும்போது ரெண்டும் அணைஞ்சே இருக்கும். ஏன்னா இந்த விலை மிஷின்கள் பலதுல ஸ்விட்சே இருக்காது. என்னுதுலயும் இல்ல.

மூணு ஸ்விட்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை

மூணு மைக்ரோ ஸ்விட்ச் வாங்கினேன். எக்ஸுக்கு வலது கோடி, ஒய்க்குப் பின் கோடி, இசட்டுக்கு மேல் கோடி. நான் முட்டி மோதிக் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல இசட் ஸ்விட்ச் வேலையே செய்யலை. ரெண்டு மணி நேரம் போச்சு. காரணம் ஒரு வரலாற்று மிச்சம். பழைய ஜிஆர்பிஎல்ல இசட் எல்லைக்கு டி11ங்கற பின். பிறகு சுழலும் மோட்டாரோட வேகத்தைக் கட்டுப்படுத்தற வசதி வந்தப்போ அந்தப் பின் அதுக்குத் தேவைப்பட்டதால, இசட் டி12க்கு மாறிடுச்சு. ஆனா நான் வாங்கியிருந்த மாதிரி பலகைகள்ல இன்னும் பழைய இடத்துலயே இசட்னு அச்சடிச்சிருக்கும். வயரை மாத்தினதும் சரியாச்சு.

அடுத்து $22ஐ 1 ஆக்கணும். இதுதான் ஹோமிங்கை எழுப்பற எண். இதைப் போட்டதும் மிஷின் ஆன் ஆகும்போதே பூட்டிக்கும், 'முதல்ல வீட்டுக்குப் போயிட்டு வா'ன்னு. ஹோமிங் கட்டளை கொடுத்தா முதல்ல இசட் மேலே ஏறும். உளிமுனை மரத்துல உரசாம இருக்க. பிறகுதான் எக்ஸும் ஒய்யும். எதிர்ப்பக்கமா ஓடுச்சுன்னா பதறாம மின்சாரத்தை நிறுத்திட்டு $23ல திசையை மாத்துங்க. வேகமாப் போய் ஸ்விட்சைத் தொடும், பின்வாங்கும், மறுபடி ரொம்ப மெதுவாப் போய்த் தொடும். ரெண்டாவது தொடல்தான் கணக்கு. முதல் வேகம் நிமிஷத்துக்கு 500 மில்லிமீட்டர், ரெண்டாவது 25. மெதுவாத் தொட்டாத்தான் இடம் துல்லியமா வரும்.

வீடு வலது பின்மூலையில இருக்கறதால, அங்கிருந்து எல்லாமே கழித்தல் எண்கள். எக்ஸ் பூஜ்ஜியத்துல இருந்து இடப்பக்கம் போகப் போக மைனஸ் 100, மைனஸ் 200. முதல்ல பார்த்தப்போ ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கெடலை. அதுதான் ஜிஆர்பிஎல்லோட வழக்கம்.

பிறகு எல்லைகள். ஸ்விட்ச் வச்சதுல எக்ஸ்ல நாலு மில்லிமீட்டர் குறைஞ்சுது. அதனால $130ல 280. ஒய்க்கு 170, இசட்டுக்கு 40. பெட்டியில போட்டிருக்கற எண்ணைப் போடாதீங்க. வண்டியைக் கோடி வரைக்கும் மெதுவா நகர்த்தி, நீங்களே அளந்து, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. அப்புறம் $20ஐ 1 ஆக்குங்க. இதுதான் சாஃப்ட் லிமிட், எண்களால போட்ட வேலி. 280ஐத் தாண்டச் சொல்ற வரி வந்தா, மிஷின் தானே அடங்கி நின்னு அலாரம் 2னு சொல்லும். எங்கே இருக்கோம்ங்கற கணக்கு அப்பவும் கையில இருக்கும். ஹோமிங் இல்லாம இதைப் போட முடியாது, நிரலே மறுத்துடும். நியாயம்தானே? வீடு எதுன்னு தெரியாதவனுக்கு வேலி எங்கேன்னு எப்படித் தெரியும்?

$21 ஹார்டு லிமிட். ஓடும்போது ஸ்விட்சுல உண்மையாவே இடிச்சா, அப்படியே நிறுத்தும். சட்டுனு நிக்கறதால கணக்கு தவறியிருக்கலாம், மறுபடி ஹோமிங் எடுக்கணும். இதுல எனக்கு ஒரு பேய் வந்துச்சு. நடுவுல சும்மா சும்மா அலாரம் 1. யாரும் ஸ்விட்சைத் தொடலை. அப்பா பக்கத்துல இழைப்பு மிஷினை ஆன் பண்றப்பல்லாம் வருதுன்னு கண்டுபிடிச்சவர் அப்பாதான். மோட்டாரோட மின் இரைச்சல் ஸ்விட்ச் வயர்ல ஏறுது. உறை போட்ட வயரா மாத்தி, மோட்டார் வயரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் சின்ன கெபாசிட்டர் வச்சதும் பேய் போச்சு. ஸ்விட்சை எப்பவும் மூடியிருக்கற விதமா இணைச்சு, $5ஐயும் அதுக்கேத்த மாதிரி மாத்தினேன். அப்படி இணைச்சா வயர் அறுந்தாலும் மிஷின் அதை 'இடிச்சாச்சு'ன்னு எடுத்துக்கிட்டு நின்னுடும். மாத்தி இணைச்சிருந்தா, வயர் அறுந்தது இடிக்கற வரைக்கும் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. ஜி28ன்னு ஏற்கெனவே சொன்னேனே, ஜிஆர்பிஎல்ல அது ஹோமிங் பண்ணாது. நீங்க சேமிச்சு வச்ச ஒரு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். எதையும் தொட்டுப் பார்க்காது. ஹோமிங்குக்கு டாலர் போட்டு ஹெச் எழுத்து. பேர் ஒண்ணு மாதிரி இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க.

கரண்ட் போன மதியம்

ரெண்டாவது பலகைக்குத் தேக்கு இல்ல. அப்பா பட்டறையில இருந்து ஒரு பலாப்பலகை கொடுத்தார். கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்தை இழைச்சு நேராக்கி, அதுல பென்சிலால ஒரு குறி போட்டார். "எல்லா அளவும் இதுலேருந்துதான். மத்த பக்கத்தைப் பாக்காத." நாப்பது வருஷமா அவர் செய்யற ஹோமிங் அது.

பலகையை இடது கோடியில இருந்து 10 மில்லிமீட்டர்ல இறுக்கினேன். 10ம் 261ம் 271. வேலி 280. ஆரம்பிச்சேன்.

ஆடி மாசச் சாரல். மலைப்பக்கம் காத்து அடிச்சாலே எங்க ஊர்ல கரண்ட் போகும். பத்தாவது குழியில போச்சு. பட்டறையே அமைதி. நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

முக்கால் மணி நேரம் கழிச்சு வந்துச்சு. மிஷின் பூட்டிக்கிட்டு நின்னுச்சு. ஹோமிங் கொடுத்தேன். மேலே ஏறி, வலது பின்மூலைக்குப் போய், 'டிக்', பின்வாங்கி, மெதுவா மறுபடி 'டிக்'. பலகையோட பூஜ்ஜியம் வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்ங்கறதை ஜிஆர்பிஎல் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்துல வச்சிருக்கும். அதனால வீடு கிடைச்சதும் பலகையும் கிடைச்சுது. பத்தாவது குழியோட ஆரம்ப வரியில இருந்து மறுபடி ஓட விட்டேன். உளிமுனை பாதி வெட்டின குழிக்குள்ள இறங்குச்சு. விரலை வச்சுத் தடவிப் பார்த்தேன், ஒட்டு தெரியலை. அப்பாவும் தடவிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம இழைப்பு மிஷினுக்குப் போயிட்டார்.

ஆச்சிக்கு ரெண்டு பலகையையும் கொடுத்தேன். தேக்கு அவ வீட்டுக் கதவு, அதனால முதல்ல அதைத்தான் எடுத்தா. புளியங்கொட்டையைப் போட்டு ரெண்டு ஆட்டம் ஆடிட்டு நிமிர்ந்தா. "என்னல இது, ஏழுல போட்டது ஆறுக்கு உருண்டு போவுது. கணக்கு நிக்க மாட்டேங்கே." அப்புறம் பலாவை இழுத்து வச்சுக்கிட்டா. தேக்குப் பலகை இப்போ பட்டறைச் சுவர்ல தொங்குது. கதவா இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு குறையும் இல்ல. நான் அளக்கத் தெரியாம அளந்தது அது.

உங்க வீட்டுலயும் இந்த மாதிரி மிஷின் இருந்தா, இந்த வாரம் மூணு ஸ்விட்ச் வாங்கிப் போடுங்க. ஒரு பிரியாணி விலைகூட ஆகாது. முக்கியமா, அந்த 'டர்ர்ர்' சத்தம் கேட்டா, நின்னதும் நிம்மதி ஆகாதீங்க. நிறுத்துங்க, வீட்டுக்கு அனுப்புங்க, தொட்டுட்டு வரட்டும்.